லெஃப்ட் விங் ஆடினவனை லெஃப்ட் பேக்குல போட்டுட்டாங்க, எப்படி ஆடறது?

இடதுகால்காரன்:

வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். ஸ்கூல்ல இருந்தே ஃபுட்பால்ல லெஃப்ட் விங்தான், இடது ஓரத்துல முன்னாடி ஆடறவன். இடது கால், கொஞ்சம் ஸ்பீடு, க்ராஸ் (ஓரத்துல இருந்து கோல் முன்னாடி தூக்கி அடிக்கறது) சுமாரா விழும். வேற பொசிஷன் பத்தி யோசிச்சதே கிடையாது.

போன மாசம் எங்க லெஃப்ட் பேக்குக்கு, அதான் இடது ஓரத்து டிஃபெண்டருக்கு, முட்டியில அடி. லிகமென்ட்னு சொல்லிட்டாங்க, இந்த சீசன் அவன் இல்லை. கோச் என்னைக் கூப்பிட்டு "டீம்ல இடது கால் உனக்குத்தான் இருக்கு, பின்னாடி போ"ன்னுட்டாரு. பிராக்டிஸ் மேட்ச் ஆடிப் பார்த்ததுல மூணு விஷயம் உதைக்குது.

எதிர் டீம் விங்கர் பந்தோட நேரா வந்தா எப்ப கால் வைக்கறதுன்னு தெரியல. பந்து அந்தப் பக்கம் ஓரத்துல இருக்கறப்ப நான் எங்க நிக்கணும்னு தெரியல, க்ராஸ் வந்தா எனக்குப் பின்னாடி ஒருத்தன் சாவகாசமா ஹெட் அடிக்கறான். அப்புறம் ஸ்டாப்பர், நடு டிஃபெண்டர், மேட்ச் பூரா என்னைப் பார்த்து "லைன்! லைன்!"னு கத்தறான். ஏறச் சொல்றானா இறங்கச் சொல்றானான்னே புரியல.

யூடியூப்ல தேடினா எல்லாரும் ஓவர்லாப், அதான் பேக் ஓரமா முன்னாடி ஓடறது, மட்டும்தான் காட்டறாங்க. அது எனக்கு வரும்ங்க. மத்ததுதான் வேணும். இன்டர் காலேஜ் மேட்ச் சீக்கிரம் வருது. ஆடினவங்க யாராவது சொல்லுங்க.

ராயபுரம் நைன்:

ப்ரோ, ஒத்துக்காத. இப்ப பேக் ஆடுவ, அடுத்த மேட்ச் ஹாஃப்ல, நடு வரிசையில, போடுவாங்க, அதுக்கடுத்து யாரு லீவோ அவன் இடம். கடைசியில உனக்குன்னு ஒரு இடமே இருக்காது. செலக்ஷன்ல வந்து நிக்கும்போது "நீ என்னப்பா?"ன்னு கேப்பாங்க, "எல்லாம் ஆடுவேன் சார்"னு சொன்னா பெஞ்ச்ல உக்காருன்னுவாங்க. எல்லாம் ஆடறவனுக்கு கிடைக்கறது பெஞ்சுதான். நான் ஃபார்வர்டு, கடைசி வரைக்கும் ஃபார்வர்டு. விங்கருன்னா விங்கரா நில்லு.

வெலிங்டன் ஸ்டாப்பர்:

தம்பி, மேலே சொன்னவர் பேச்சைக் கேட்டு கோச்கிட்ட முடியாதுன்னு போய் நிக்காதே. அவருக்கு அப்புறம் வர்றேன்.

நான் மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவன். ஸ்டாப்பர். ஆள் குறைஞ்ச நாள்ல எங்கே போட்டாங்களோ அங்கே. இப்ப குன்னூர் பக்கம் காலையில பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறேன். நீளமாத்தான் எழுதுவேன், டீயை வச்சுக்கிட்டுப் படி.

உனக்கு நடந்தது அப்படியே இன்னொருத்தனுக்கு நடந்திருக்கு. அல்ஃபோன்ஸோ டேவிஸ். கனடாவுல வான்கூவர் டீம்ல விங்கரா ஆடிட்டிருந்த பையன். ஜெர்மனியோட பேயர்ன் மியூனிக் டீம் விங்கருன்னுதான் வாங்கினாங்க. 2019 கடைசியில அங்கே டிஃபென்ஸ்ல வரிசையா அடி. லெஃப்ட் பேக் அலாபாவை நடுவுல ஸ்டாப்பரா நகர்த்திட்டு, காலியான இடத்துல இவனைத் தள்ளினாங்க. அடுத்த ஆகஸ்ட்ல லிஸ்பன்ல பார்சிலோனாவை 8-2ன்னு அடிச்ச மேட்ச் இருக்கே, அதுல அஞ்சாவது கோலை எடுத்துப் பாரு. டேவிஸ் இடது ஓரத்துல பார்சிலோனா ரைட் பேக் செமேதோவைத் தாண்டி, எண்டு லைன் ஓரமாவே உள்ளே வந்து, பந்தைப் பின்னாடி இழுத்துக் கொடுப்பான். கோல் அடிக்கறது கிம்மிச். அன்னிக்கு கிம்மிச் யாரு? ரைட் பேக்! லெஃப்ட் பேக் கொடுத்து ரைட் பேக் அடிச்ச கோல் அது. அந்த கிம்மிச்சும் பேக்கா வளர்ந்தவன் இல்லை, நடு மிட்ஃபீல்டர். பின்னாடி நாலு பேர்ல மூணு பேர் சொந்த இடத்தை விட்டு வந்தவங்க.

ஆனா அந்த வீடியோவைப் பார்த்துட்டு ஓட்டத்தை மட்டும் எடுத்துக்காதே. உனக்கு அது ஏற்கெனவே வரும்னு நீயே சொல்லிட்டே.

ஒரு மேட்ச் முழுக்கச் சேர்த்துப் பார்த்தா பந்து ஒரு ஆளோட காலில இருக்கறது ரெண்டு மூணு நிமிஷம்தான். மீதி நேரமெல்லாம் கண்ணுக்குத்தான் வேலை. விங்கருக்கு அந்த வேலை லேசு: ஒரு பக்கம் கோடு, பந்தும் ஆளும் கண்ணு முன்னாடி. பேக்குக்குப் பாதி ஆட்டம் முதுகுக்குப் பின்னாடி நடக்கும். உன் கால் அதே கால்தான், பார்க்கற திசையைத்தான் மாத்தணும். நீ கேட்ட மூணுக்கும் பதில் இதுலதான் இருக்கு.

முதல்ல விங்கர் நேரா வர்றது. கால் வைக்காதே. அவன் எதிர்பார்க்கறதே நீ கால் வைக்கறதைத்தான். நீயே விங்கர், உனக்குத் தெரியாதா, எதிர்ல இருக்கறவன் கால் நீட்டினா எவ்வளவு சுலபம்னு? நீ செய்ய வேண்டியது அவன் வேகத்தைக் கொல்றது. பந்து அவனுக்கு வந்துக்கிட்டிருக்கும்போதே கிட்டே ஓடிப் போ. அவன் முதல் டச் வைக்கும்போது நீ ரெண்டு அடி தள்ளி, நின்ன நிலையில இருக்கணும், ஓட்டத்துல இருக்கக் கூடாது. நேருக்கு நேரா மார்பைக் காட்டி நிக்காதே, கால் ரெண்டுக்கும் நடுவுல தட்டிட்டுப் போயிடுவான். சாய்வா நில்லு. வலது கால் முன்னால, இடது கால் பின்னால, முழங்கால் மடக்கி, உள்பக்க வழியை உடம்பால மூடிக்கோ. ஓரத்து வழி மட்டும் அவனுக்குத் திறந்திருக்கணும். ஓரத்துல போனா கோடு உனக்கு இன்னொரு டிஃபெண்டர். அதுவும் அந்தப் பக்கம் உன் நல்ல கால்.

அவன் தோளை ஆட்டுவான், இடுப்பை ஆட்டுவான், பந்து மேல காலைச் சுத்துவான். எதையும் பார்க்காதே. பந்தை மட்டும் பாரு. எப்ப பந்து அவன் காலை விட்டு ஒரு அடி தள்ளிப் போகுதோ, அப்ப வை.

எங்க பசங்களுக்கு நான் செய்யறது இது: டிஃபெண்டர் ரெண்டு கையிலயும் கைக்கொரு டென்னிஸ் பந்து கொடுத்துடுவேன். கீழே விழக் கூடாது. டச் லைன்ல இருந்து பத்து அடி அகலத்துக்கு கல் வச்சு ஒரு சந்து மாதிரி கட்டி, விங்கரை விடுவேன். கையால சட்டையைப் பிடிக்க முடியாது, அதனால கால் தானா வேலை செய்ய ஆரம்பிக்கும். முதல் வாரம் அந்த டென்னிஸ் பந்து மைதானம் பூரா உருளும். அப்புறம் உருளாது. உன் ரூம் மேட் ஒருத்தனைப் பிடிச்சு சாயங்காலம் இருபது நிமிஷம் செய்.

அடுத்தது, பந்து எதிர்ப்பக்க ஓரத்துல இருக்கறப்ப. விங்கர் பழக்கத்துல நீ உன் கோட்டை ஒட்டியே நிப்பே. நிச்சயம் அப்படித்தான் நின்னிருப்பே. விட்டுட்டு உள்ளே வா. பெனால்டி பாக்ஸ் அகலத்துக்குள்ளே, உன் பக்கத்து ஸ்டாப்பர்கிட்ட இருந்து ஏழெட்டு மீட்டர்ல. அவங்க விங்கர் அந்த ஓரத்துல தனியா நிப்பான், கையைத் தூக்கி பந்து கேப்பான். நிக்கட்டும். அவனுக்கு வரணும்னா பந்து நாப்பது மீட்டர் காத்துல பறந்து வரணும். அந்த நேரத்துக்கு நீ ஓடினாலே பாதி தூரம் போயிடலாம்.

ஆனா உள்ளே வந்துட்டு பந்தையே வேடிக்கை பார்த்தா நீ சொன்ன ஹெட் மறுபடியும் விழும். உடம்பைத் திருப்பி, ஒரு தோள் பந்துப் பக்கம், ஒரு தோள் உன் ஆள் பக்கம் இருக்கற மாதிரி நில்லு. ரெண்டும் ஒரே பார்வையில தெரியணும். தெரியலைன்னா ரெண்டு அடி பின்னாடி போ, தெரியற வரைக்கும் போ. பந்து அங்கே பாஸ் ஆகிக்கிட்டிருக்கற நேரம் யாராலயும் உடனே க்ராஸ் அடிக்க முடியாது, அந்தச் சின்ன நேரத்துல ஒரு தடவை திரும்பிப் பார்த்துடு. எதிராளி க்ராஸ் அடிக்கக் காலைத் தூக்கின பிறகு திரும்பிப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

மூணாவது, லைன். பின்னாடி நாலு பேரும் ஒரே நேர்ல நிக்கற வரிசை. ஆஃப்சைடு கணக்கு கீப்பரையும் சேர்த்து கடைசியில இருந்து ரெண்டாவது ஆளை வச்சு, பாஸ் அடிக்கறப்ப அவனைத் தாண்டி நிக்கற ஃபார்வர்டு ஆஃப்சைடு. உங்க மத்த மூணு பேரும் ஏறி நிக்கறாங்க, நீ மட்டும் மூணு அடி பின்னாடி. அந்தப் பக்கம் நிக்கற ஃபார்வர்டைக்கூட ஆன்சைடு ஆக்கி வச்சிருக்கறது நீதான். தூரத்து பேக்குக்கு எப்பவும் இந்தப் பழி வரும், ஏன்னா அவன் தன் விங்கரைப் பார்த்துக்கிட்டு லைனை மறந்துடுவான். ஸ்டாப்பர் கத்தறது நூத்துக்குத் தொண்ணூறு அதுதான். ஆனா அவன்கிட்டயும் சொல்லு, "லைன்"னா என்னப்பா அர்த்தம்? "ஏறு", "இறங்கு"ன்னு ரெண்டே வார்த்தை வச்சுக்கோங்க. கத்தறதுக்குக் காசா பணமா, தெளிவாக் கத்தலாம்.

எப்ப ஏறணும், எப்ப இறங்கணும்னு அவன் கத்தாமலே தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. பந்து வச்சிருக்கறவன் தலையைப் பாரு. தலை நிமிர்ந்திருக்கு, எதிர்ல உங்க ஆள் யாரும் அழுத்தலைன்னா லாங் பால் வரப் போகுது, அடிக்கறதுக்கு முன்னாடியே இறங்க ஆரம்பி. அவன் முதுகைக் காட்டித் திரும்பிட்டான், இல்லை பந்தைப் பின்னாடி தட்டிட்டான்னா எல்லாரும் சேர்ந்து ஏறு.

நீ சுத்தி வலை கட்டின சின்ன டர்ஃப்ல ஆடற பையனா? இருந்தா ஒண்ணு சொல்லிடறேன். அங்கே ஆஃப்சைடே கிடையாது, பந்து வெளியே போகாம வலையில பட்டுத் திரும்பி வரும், முதுகுக்குப் பின்னாடி நாப்பது மீட்டர் காலி இடம்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. டச் நல்லா வரும், அதை மறுக்கலை. பேக் ஆடக் கத்துக்கற இடம் அது இல்லை. மேட்ச் வரைக்கும் பெரிய கிரவுண்டுக்குப் போ.

இப்ப ராயபுரத்துக்காரருக்கு. பீட்டர் தங்கராஜ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. எங்க எம்.ஆர்.சி. (மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர்) ஆள், அதனால கொஞ்சம் பெருமையாவே சொல்றேன். சென்டர் ஃபார்வர்டா ஆட ஆரம்பிச்சவர். அப்புறம் கோல் போஸ்ட்டுக்குக் கீழே போனார். 1956 மெல்போர்ன், 1960 ரோம், ரெண்டு ஒலிம்பிக் ஆடினார். கோல் அடிக்கற இடத்துல இருந்து கோல் தடுக்கற இடத்துக்குப் போனவருக்கு இடம் இல்லாமலா போச்சு?

1962 ஜகார்த்தா ஏஷியன் கேம்ஸ் ஃபைனல்ல கீப்பர் அவர்தான். அதே மேட்ச்ல இன்னொண்ணு. ஜர்னெயில் சிங், அந்தக் காலத்துல நம்ம நாட்டோட பெரிய ஸ்டாப்பர், அதே கேம்ஸ்ல முன்னாடி மேட்ச்ல தலையில அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பின்னாடி நின்னு ஹெட் அடிக்க விட முடியாதுன்னு கோச் ரஹீம் சாப் அவரை சென்டர் ஃபார்வர்டாக்கினார். செமி ஃபைனல்ல தெற்கு வியட்நாமுக்கு எதிரா ஒரு கோல் அடிச்சார். ஃபைனல்ல தென் கொரியாவுக்கு எதிரா ஒரு கோல். 2-1ன்னு ஜெயிச்சோம், தங்கம். ஸ்டாப்பருக்கு எதிர் ஸ்டாப்பர் எதுக்குப் பயப்படுவான்னு தெரியும் சார்.

கீப்பரக்கா:

வெலிங்டன் அண்ணன் எல்லாம் சொல்லிட்டாரு. நான் போஸ்ட்டுக்குக் கீழே நிக்கறவ, அங்கிருந்து பார்க்கறப்ப புது பேக்குங்க செய்யற அலும்பு மட்டும் சொல்றேன்.

தம்பி, கீப்பருக்குப் பந்தைத் திருப்பித் தட்டறப்ப கோல் வாய்க்கு நேரா தட்டாதே. போஸ்ட்டுக்கு வெளிப்பக்கமா தட்டு. பந்து குதிச்சு என் காலைத் தாண்டினாலும் கார்னரோட போகும், கோலாகாது. காலால தட்டிக் கொடுத்தா கையால எடுக்க முடியாதுன்னு 1992லயே ரூல் வந்தாச்சு, இன்னும் சில பேர் என் நெஞ்சுக்கு அடிச்சுட்டு "ஏன்க்கா பிடிக்கலை"ங்கறாங்க. அதே மாதிரி எந்தக் காலுக்குக் கொடுக்கணும்னு உங்க கீப்பர்கிட்ட முதல்லயே கேட்டு வச்சுக்கோ. எனக்கு இடது கால் ஊன்றதுக்கு மட்டும்தான்.

ஷாட் அடிக்க வர்றவனுக்கு எதிர்ல போகாம பாதி வழியில நின்னு எட்டிப் பார்க்காதே. ஒண்ணு கிட்டே போய் அடி, இல்லை முழுசா விலகு. பாதியில நின்னா பந்து உன் கால்ல பட்டுத் திசை மாறும், நான் அந்தப் பக்கம் பாய்ஞ்சிருப்பேன். நான் "கீப்பர்!"னு கத்தினா அது எனக்கு. தலையை நீட்டாதே. கார்னர்ல உன்னைப் போஸ்ட்ல நிக்கச் சொன்னா பந்து வெளியே போற வரைக்கும் போஸ்ட்டை ஒட்டியே நில்லு, பந்து வருது வருதுன்னு ரெண்டு அடி முன்னால வந்து நிக்கறவங்களாலதான் எனக்கு வெள்ளை முடி.

எங்க ஊர் செவன்ஸ்ல, ஏழு பேர் ஆடற மேட்ச்ல, கீப்பர் வேற யாராவது வந்தா நான் ஃபார்வர்டு ஆடுவேன். கீப்பர் எந்தப் பக்கம் சாய்ஞ்சு நிக்கறாங்கன்னு பார்த்தாலே போதும். அதுக்கு மேல எனக்கு ஓட்டமும் கிடையாது.

இடதுகால்காரன்:

அய்யா, அக்கா, ரொம்ப நன்றிங்க. நேத்து சாயங்காலமே டென்னிஸ் பந்து வச்சு ட்ரை பண்ணினோம். ஹாஸ்டல் பசங்க சிரிக்கறாங்க, பரவாயில்லை. கல்லு வச்ச சந்துல காலை நீட்டாம நின்னா விங்கர் பையன் தானே தடுமாறறான், அது ஆச்சரியமா இருந்துச்சு.

இன்னும் ரெண்டு சந்தேகம். எனக்கு உயரம் 168தான். எதிர் டீம்ல ரைட் விங் ஆள் என்னைவிட அரை அடி உயரம். ஃபார் போஸ்ட்ல, தூரத்து கோல் கம்பத்துகிட்ட, க்ராஸ் வந்தா என்ன பண்றது? ரெண்டாவது, கோச் ஒரு மேட்ச்ல நடுவுலயும் போடுவேன்னு சொல்றாரு. நடுவுல பந்து வாங்கினா எங்கிருந்தோ ஒருத்தன் வந்து பிடுங்கிட்டுப் போயிடறான்.

வெலிங்டன் ஸ்டாப்பர்:

சிரிக்கட்டும். அவங்களையும் ஒரு தடவை அந்தச் சந்துல நிக்க வை.

உயரம். ஃபிலிப் லாம் 170 சென்டிமீட்டர். உலகக் கோப்பை ஜெயிச்ச ஜெர்மனி கேப்டன். 2014ல முதல் நாலு மேட்சையும் நடுவுலதான் ஆரம்பிச்சான், பிரான்ஸோட காலிறுதியில இருந்து ரைட் பேக்குக்குத் திரும்பினான். ரெண்டு இடத்துலயும் அதே 170தான். ஹெட் ஜெயிக்கணும்னு உனக்கு அவசியம் இல்லை, அவன் நிம்மதியா ஜெயிக்கக் கூடாது, அவ்வளவுதான். அவன் குதிக்கப் போற இடத்துல நீ முன்னாடியே போய் நின்னுக்கோ. பந்து விழற இடம் யாருக்குச் சொந்தமோ அவன்தான் நேரா குதிக்க முடியும். மத்தவன் உன் முதுகு மேல ஏறித்தான் குதிக்கணும், ஏறினா ஃபவுல். நீயும் குதி, நேரா மேலே. கையை அவன் தோள்ல ஊன்றாதே, பாக்ஸுக்குள்ளே பெனால்டி ஆயிடும். பந்துக்கு நேர் கீழே போய் நின்னுடாதே, ஒரு அடி பின்னாடி இருந்து முன்னால வந்து குதி. பின்னாடி போறது கஷ்டம், முன்னாடி வர்றது சுலபம். எல்லாத்தையும் விட சுலபமானது க்ராஸே வர விடாம தடுக்கறது. அது அந்தப் பக்கத்து பேக் வேலை, அவன்கிட்ட சொல்லி வை.

நடு மிட்ஃபீல்டு. எங்க காலத்துல லிங்க்மேன்னு சொல்வோம். விங்ல உனக்கு கோடு காவல் இருந்துச்சு, அந்தப் பக்கத்துல இருந்து எவனும் வர மாட்டான். நடுவுல நாலு பக்கமும் வாசல். அதனால பந்து உனக்கு வந்துக்கிட்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தா லேட்டு. வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு பக்கத் தோளுக்கு மேலயும் ஒரு தடவை.

இதுக்கும் ஒரு பயிற்சி இருக்கு. பையன் நடுவுல நிப்பான், ஒருத்தன் பத்து மீட்டர்ல இருந்து பாஸ் கொடுப்பான், நான் பையன் முதுகுக்குப் பின்னாடி நின்னு விரல் காட்டுவேன். பந்து அவன் கால்ல படறதுக்குள்ளே எத்தனை விரல்னு சொல்லணும். முதல்ல எல்லாரும் குத்துமதிப்பா "மூணு!"ம்பாங்க. நான் விரலே காட்டியிருக்க மாட்டேன். ஒரு வாரத்துல கழுத்து தானா திரும்ப ஆரம்பிக்கும். எங்க ஊர்ல மிஸ்ட் இறங்கிட்டா விரல் தெரியாது, அன்னிக்கு மட்டும் கலர் பனியனைத் தூக்கிக் காட்டுவேன்.

பார்த்துட்டேன்னா அடுத்தது நிக்கற விதம். நேரா பாஸ் கொடுக்கறவனைப் பார்த்து நின்னு வாங்கினா பின்னாடிதான் திருப்பித் தட்ட முடியும். பாதி திரும்பி நில்லு, பந்தை உள்ளே விட்டு தூரத்துக் காலால வாங்கு. பின்னாடி ஆள் இல்லைன்னு பார்த்து வச்சிருந்தா ஒரே டச்சுல எதிர் கோல் பக்கம் முகம் திரும்பிடும். ஆள் இருந்தா திரும்பாதே, வந்த வழியிலயே ஒரே டச்சுல கொடுத்துட்டு வேற இடத்துக்கு நகரு. நடுவுல மூணாவது டச் வைக்கறவனைத்தான் நீ சொன்ன அந்த ஆள் எங்கிருந்தோ வந்து பிடுங்குவான். விங்ல ட்ரிப்ளிங் பண்ணித் தோத்தா த்ரோ. நடுவுல தோத்தா நேரா உங்க ஸ்டாப்பர் மேல நாலு பேர் வருவாங்க. அந்தப் பாவம் உனக்கு வேண்டாம்.

ராயபுரம் நைன்:

ஜர்னெயில் சிங் மேட்டர் எனக்குத் தெரியாது சார், சூப்பர். ஆனா அவரு ஜர்னெயில் சிங், நம்ம பையன் செகண்ட் இயர். ஒரு சீசன்ல ரெண்டு பொசிஷன்னா ஓகே, நாலுன்னா நான் சொன்னதுதான்.

வெலிங்டன் ஸ்டாப்பர்:

அதை ஒத்துக்கறேன். தம்பி, பேக் ஒழுங்கா வர்ற வரைக்கும் நடுவுல போடறது வேண்டாம்னு கோச்கிட்ட பணிவாக் கேட்டுப் பாரு. இன்டர் காலேஜ் மேட்ச் அன்னிக்கு வார்ம் அப் நடக்கறப்ப அந்த உயரமான விங்கர் எந்தக் காலால ஷாட் அடிக்கறான்னு பார்த்துக்கோ. வலது கால்னா நான் சொன்ன மாதிரியே ஓரத்துக்குத் தள்ளு. இடது கால்னா அவன் ஓரத்துல போக மாட்டான், உள்ளே வெட்டி வந்து அடிப்பான். அன்னிக்கு உள்பக்கம் இன்னும் அரை அடி கூடவே மூடிக்கோ, உங்க லிங்க்மேனை அந்தப் பக்கம் நிக்கச் சொல்லு.